இடது கால் போகும் வேகம்

கொடைக்கானல்,
14 ஜனவரி 2024

தேவா,

உறைக்குப் பின்னால் பெயர் போட்டால் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்றுதான் போடவில்லை. நான் ஜாசிம். மண்சரிவு என்ற பங்க் ராக் குழுவில் உன் டிரம்முக்கு முன்னால் நின்று ஏழு வருஷம் கத்தியவன். இப்போது பஜாரில் அத்தாவின் கடையில் உட்கார்ந்து தைலமும் மிளகும் சாக்லேட்டும் விற்கிறேன். என் எண்ணை நீ இன்னும் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். முகவரி தந்தது உன் அம்மா. இங்கே மூஞ்சிக்கல்லில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் பாச்சலூரிலிருந்து வந்தவர், தைலம் வாங்கக் கடைக்கு வந்தார்.

கோபம் தீர்ந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் என் மனைவி ரஹ்மத் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "இது உங்க பழைய சிநேகிதிதானங்க? என்னா போடு போடுறாங்க பாருங்க!" பெங்களூரில் உங்கள் மின்வெட்டு குழுவின் நிகழ்ச்சி. முதலில் சத்தத்தோடு பார்த்தேன். என்னவோ உறுத்தியது. சத்தத்தை மூடிவிட்டு உன் கைகால்களை மட்டும் பார்த்தேன்.

நம் காலத்தில் ஹைஹாட், அதாவது அந்த இரட்டைத் தட்டு, உன் இடப்பக்கம் இருக்கும். வலது கை இடது கைக்கு மேலே குறுக்கே போய் அதைத் தட்டும். இப்போது அது வலப்பக்கம் வந்துவிட்டது. கைகள் குறுக்கே போகவே இல்லை. பெரிய டிரம்மின் மிதியை இடது காலால் மிதிக்கிறாய். வலது கால் வேறு யாருடையதோ போலத் தரையில் சும்மா இருக்கிறது.

மேடையின் கீழே கத்தியவர்களில் ஒருவர்கூட இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏன் மாற்றினாய்? பதில் எழுதப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. எழுதினால் உள்ளதை எழுது.

ஜாசிம்


பெங்களூரு,
2 பிப்ரவரி 2024

ஜாசிம்,

பெயர் இல்லாத உறையைப் பார்த்து வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். அதைவிட மோசமாக நீ இருந்தாய்.

இரண்டு வருஷம் முன்பு சேலத்தில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு மட்டும், பின்னால் ஏற்றியிருந்த என்னுடைய பெரிய டிரம்மே உருண்டு வந்து வலது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. சிரிக்க வேண்டுமானால் சிரி, நானே சிரித்திருக்கிறேன். எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. பாதத்தைக் கீழே அழுத்த முடியும், மேலே தூக்க முடியாது. நடந்தால் விரல்கள் தரையைத் தேய்க்கும். காலுறைக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிறேன். மேடைக்கு வரும்போது விளக்கை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

டாக்டர், "இனிமே லைட்டா ஏதாவது வாசிங்க" என்றார். புல்லாங்குழலைச் சொன்னாரோ என்னவோ. வீட்டுக்கு வந்து தலையணையை இடது காலுக்குக் கீழே போட்டு மிதிக்க ஆரம்பித்தேன். முப்பத்தாறு வயதுவரை சும்மா துணைக்கு வந்த காலை முன்னால் நடக்கச் சொன்னால் அதற்கு என்ன புரியும்? அழுத நாள்கள் உண்டு. கீழ்வீட்டு சுந்தராம்பாள் மேலே வந்து, "யாரை உதைக்கிறீங்க?" என்று கேட்ட நாளும் உண்டு. எப்படியோ மேடைக்குத் திரும்பிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் ஆயிற்று. இப்போது என் முறை. ஷில்லாங் ராக் விழாவில் வாசிக்க டிக்கெட் எடுத்த பிறகு நீ வத்தலக்குண்டு பஸ் ஏறி ஊருக்குப் போனாய். பயந்து ஓடினாய் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரிதானே? அப்புறம், இது திட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: மண்டபம் முழுக்க நூறு பேர் உன் பாட்டைத் திருப்பிக் கத்தியதைக் கேட்ட மனிதனால் எப்படி மிளகு நிறுக்க முடிகிறது?

தேவா


கொடைக்கானல்,
11 மார்ச் 2024

தேவா,

உன் காலைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்னும் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உன்னை நான் முதலில் கேட்டது ஒரு ஜூலை மாதம். சீசன் முடிந்து ஏரிப்பக்கத்து ஹோட்டல் காலியாகக் கிடந்தது. முட்டை இறக்கிப்போடப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில், சீசனுக்கு வாசிக்க வரும் குழுவின் டிரம் தார்ப்பாயால் மூடியிருக்கும். அன்று தார்ப்பாய் தரையில் கிடந்தது. பாத்திரம் கழுவ வந்த நீ, ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து வெளுத்துக்கொண்டிருந்தாய். தாளம் தப்பியது, நீ நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்த என்னைச் சமையல்காரர் திருமலைச்சாமி பிடித்து இழுத்தார். "ஏலே, அந்தப் புள்ளய தொந்தரவு பண்ணாத. கழுவுற சோலிய முடிச்சுட்டுத்தான் தட்டுது." அன்றைக்கே உன்னிடம் வந்து, எனக்குக் கத்தத் தெரியும் என்று சொன்னேன். "அப்ப கத்துங்க, பாப்போம்" என்றாய். நம் குழு அப்படித்தான் ஆரம்பித்தது.

முடிந்த கதை இது. ஷில்லாங் போக இருந்த வாரம், பெங்களூரில் ஒரு மேடை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். நடுப்பாட்டில் மனசு, நாளைக்குக் கத்தரிக்காய் வாங்கி எண்ணெயில் வதக்கலாமா என்று யோசித்தது. திடுக்கிட்டுப்போனேன். அடுத்த மேடையிலும் அதுதான். ஆத்திரமே இல்லாமல் ஆத்திரப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னேன். "தூங்கி எந்திரி, சரியாயிரும்" என்றாய். தூங்கி எழுந்தேன், சரியாகவில்லை, பஸ் ஏறினேன். இதில் பயம் எங்கே இருக்கிறது? வயிறு நிறைந்து எழுந்தேன், அவ்வளவுதான்.

மிளகு நிறுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைக்கு வருகிறவன் என்ன வாங்குவான் என்று வாசலிலேயே ஊகிப்பேன். பாதிக்கு மேல் தப்பாகப் போகும். அந்த வேடிக்கை அலுக்கவே இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். கால் போன பிறகும் எதற்காக அடிக்கிறாய்? வேறு வேலை தெரியாது என்பதாலா?

ஜாசிம்


பெங்களூரு,
9 ஏப்ரல் 2024

ஜாசிம்,

கத்தரிக்காயா! பன்னிரண்டு வருஷம் உன்னைக் கோழை என்று நினைத்து வெறுத்தது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? ஒரு கத்தரிக்காயை எப்படி வெறுப்பது?

வேறு வேலை தெரியும். பாத்திரம் கழுவுவேன். எதற்கு அடிக்கிறேன் என்றால்: பாட்டு தொடங்க நாலு தடவை குச்சியைத் தட்டுவேன் இல்லையா? நாலாவது தட்டுக்கும் முதல் அடிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துவிட்டால் மறுநாளே நிறுத்திவிடுவேன்.

ஆனால் அதற்கு முன்னால் என்னை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. புது ஆல்பம் பதிவு நடக்கிறது. அது முடிந்ததும் ஜெர்மனியில் மேடைகள். முகேஷ்தான் எங்கள் கிட்டாரிஸ்ட், குழுவும் அவன் ஆரம்பித்தது. இரண்டு பாட்டு அதிவேகம். அதில் நான் பின்தங்குகிறேன் என்கிறான். குகன் என்று ஒருவனைக் கூப்பிட்டு அடிக்கவைத்துப் பார்த்தான். நல்ல பையன்தான், அதுதான் எரிச்சல். "நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க அக்கா" என்கிறான் முகேஷ்.

நான் கேட்டால் என் காதுக்கு என் அடிதான் நன்றாக இருக்கும். மற்ற யாரைக் கேட்டாலும் என் காலைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நீ பரிதாபப்படமாட்டாய், உனக்கு என்மேல் கோபம் இருக்கிறது. இந்தப் பென் டிரைவில் ஒரே பாட்டு இரண்டு தடவை இருக்கிறது. ஒன்று நான், ஒன்று குகன். எது யார் என்று எழுதமாட்டேன். எது நல்லது என்று மட்டும் சொல்.

தேவா


கொடைக்கானல்,
6 மே 2024

தேவா,

சீசன் கூட்டம். கடையில் நிற்க இடமில்லை. மத்தியானம் ரஹ்மத்தைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். "யாவாரத்த விட்டுட்டு அப்படி என்னத்தக் கேக்குறீங்க?" என்று அவள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "முதல்ல இருக்கது யாரோ வெரட்டுற மாதிரி இருக்குங்க" என்றாள்.

எனக்கும் அப்படித்தான். இரண்டாவதுதான் நல்லது. அந்தப் பாட்டுக்கு அதுதான் சரி.

முதலாவது நீ. எட்டு அடிக்குள் தெரிந்துவிட்டது. உன் இடது கால் ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. அது வெளியே தெரியாமலிருக்கக் கையை முடுக்குகிறாய். கை ஓடுகிறது, கால் துரத்துகிறது. கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. அது உன் பழைய காலுக்கான பாட்டு, தேவா.

இன்னொன்று. உன் பாட்டு முடிந்த பிறகு பதிவை உடனே நிறுத்தவில்லை போல. நீ எதையோ சும்மா தட்டியிருக்கிறாய். மெதுவாக. அதில் கால் முன்னால் போகிறது, கை பின்னால் வருகிறது. முடிவதற்குள் அறுந்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அது என்ன?

ஜாசிம்


பெங்களூரு,
17 மே 2024

ஜாசிம்,

கடிதம் வந்தது. மிளகுக்காரனிடம் டிரம் பற்றிக் கேட்டது என் புத்தி.

கடைசியில் தட்டியது ஒன்றுமில்லை. கால் மரத்துப்போயிருந்தது, உதறிவிட்டேன்.

இனி எழுதாதே.

தேவகுமாரி


கொடைக்கானல்,
19 ஆகஸ்ட் 2024

தேவா,

எழுதாதே என்றாய். பெங்களூருக்குத்தானே எழுதக்கூடாது? இது பாச்சலூருக்கு.

நேற்று உன் அம்மா வேலம்மா எங்கள் கடைக்கு வந்திருந்தார். மழையில் நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றார். தைலமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"தம்பி, ஒரு விசயம் வெளங்கல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு வந்தேன். ஜெர்மனிங்கிறது பெங்களூருக்கு அங்கிட்டுத்தான?"

"ரொம்ப தூரம்மா. வேற தேசம். ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, இவ கூட்டாளிக எல்லாம் அங்க போயிட்டாகளாம். இவ மட்டும் ஆனி மாசத்துலருந்து என்கிட்டத்தான் கெடக்கா. வெள்ளனே எந்திரிச்சு காப்பித் தோட்டத்துக்குள்ள நடந்துட்டே இருக்கா. கால இழுத்து இழுத்து நடக்குறா. பாக்க முடியல தம்பி. பேசுனா எரிஞ்சு விழுறா. ஆனா சோறு திங்கையில தட்டுல விரலால தட்டிக்கிட்டே இருக்கா. அது நல்லதா கெட்டதா?"

நல்லது என்று சொன்னேன். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

அங்கே வரலாம் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ கூப்பிடாமல் வருவது சரியில்லை. என்ன நடந்தது? அவர்கள் உன்னை நீக்கிவிட்டார்களா? நான் எழுதியதைக் காட்டினாயா? தட்டில் என்ன தட்டுகிறாய்?

ஜாசிம்


பாச்சலூர்,
8 செப்டம்பர் 2024

ஜாசிம்,

யாரும் நீக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று உன்னை மனசார வைதேன். பிறகு ஸ்டூடியோவுக்குப் போய், சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டேன். ரஹ்மத் சொன்ன வார்த்தை காதிலிருந்து போகவே இல்லை. முகேஷிடம் போய், "குகனையே வச்சுப் பண்ணு" என்றேன். அவன் என்னைத் தடுப்பான் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவன் "தேங்க்ஸ்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பாச்சலூர் வரை வந்து படுத்துவிட்டேன்.

அம்மா உன்னிடம் வந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கு என் சோலி என்னவென்று இத்தனை வருஷத்தில் சரியாக விளங்கியதில்லை. இலங்கைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பத்து வயதில் கப்பலேறி வந்தவள், பெரிய ஊருக்குப் போன யாரும் சும்மா திரும்பி வரமாட்டார்கள் என்று நினைக்கிறாள். திருடிவிட்டு வந்தேனா என்றுகூட ஒருநாள் கேட்டாள்.

நீ கேட்ட அந்தத் துண்டு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது பிடித்திருந்தது. தட்டில் தட்டியது அதைத்தான். இடது காலைத் துரத்தாமல், அது போகிற போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. பெங்களூரிலிருந்து டிரம்மைக் காய்கறி லாரியில் வரவழைத்தேன். தோட்டக்காரர் முத்துராஜ், காப்பிக்கொட்டை காயப்போடும் தகரக் கொட்டகையைத் தந்திருக்கிறார். "தை மாசம் கொட்டை வந்துரும், அதுக்குள்ள அடிச்சு முடிச்சுருங்க" என்றார். ஏதோ கிணறு வெட்டுவது மாதிரி.

கால் முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கை காத்திருந்து பின்னால் வருகிறது. வேகம் பாதிதான். ஆனால் கனம் இருக்கிறது ஜாசிம், தகரம் நடுங்குகிறது. மின்வெட்டில் பேஸ் கிட்டார் வாசித்த ஆனந்தியும் அவர்களோடு போகவில்லை. இங்கே வந்து என்னோடு தங்கியிருக்கிறாள். ஐந்து பாட்டு தேறிவிட்டது. பாட ஆளில்லை.

நீ வந்து கேள். பிடித்தால் பாடு. இது கூப்பிடுவதுதான்.

தேவா


கொடைக்கானல்,
21 அக்டோபர் 2024

தேவா,

ஞாயிற்றுக்கிழமை உன் கொட்டகையில் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நேரில் சொன்னால் குச்சியை எறிவாய்.

முதலில், நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பங்க் என்றால் வேகம் என்று நினைத்திருந்தேன். உன் கால் விழும்போதெல்லாம் அடுத்தது விழுமா விழாதா என்று காத்திருக்கவேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் உடம்பு முறுக்கேறுகிறது.

நான் பாடமாட்டேன். தொண்டை வரும், ஆத்திரம் வராது. உன்னை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். மூன்றாவது பாட்டில் வரிகளை எனக்குச் சொல்லிக்காட்டினாய், அடித்துக்கொண்டே. நீ அதை உணர்ந்தாயா? முன்னெல்லாம் பாட்டு முடிந்தால் உனக்குத் தண்ணீர் கேட்கக்கூட மூச்சிருக்காது. இந்த வேகத்தில் மூச்சு மிஞ்சுகிறது. அந்த வரிகளெல்லாம் உன் அம்மா வளர்ந்த இடத்தைப் பற்றியவை, நீ கழுவிய பாத்திரங்களைப் பற்றியவை. அதை நான் எதற்குக் கத்தவேண்டும்? ஒரு மைக்கை டிரம்முக்கு மேலே இறக்கித் தொங்கவிடு. நீயே கத்து.

மூஞ்சிக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மார்கழியில் சும்மாதான் கிடக்கும். பேசிப் பார்க்கட்டுமா?

ஜாசிம்


கொடைக்கானல், மூஞ்சிக்கல்,
23 டிசம்பர் 2024

ஜாசிம்,

உன் அத்தாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரஹ்மத் சொன்னாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நீ இருந்தபோது இங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதை நம்பாதே. அவள் பாதி நேரம் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் சொல்கிறேன்.

நீ பேசிவைத்த மண்டபத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பிப்பதாக இருந்தது. மூடுபனி, வந்தவர்கள் கொஞ்சம்தான். காலேஜ் பிள்ளைகள், ஜீப் ஓட்டுகிறவர்கள், மழைக்கு ஒதுங்கிய ஒரு டூரிஸ்ட் குடும்பம். முதல் வரிசையில் அம்மாவும் சித்தியும், கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல மடியில் பையை வைத்துக்கொண்டு. ஆனந்தி சுருதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். பதினெட்டு வருஷம் எல்லோருடைய முதுகையும் பார்த்து வாசித்தவள் நான். முன்னால் யாருமே இல்லாமல் உட்கார்ந்தால் குளிருகிறது.

முதல் பாட்டு சொதப்பல். வரியை மறந்து ஆனந்தியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். டூரிஸ்ட் குடும்பம் எழுந்து போயிற்று. இரண்டாவதில் கால் தன் இடத்தைப் பிடித்தது. ஜீப் டிரைவர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார். பிள்ளைகளும் நின்றார்கள். மூன்றாவது பாட்டு, அம்மா பிறந்த எஸ்டேட்டைப் பற்றியது. சின்ன வயதில் அவள் சொன்னதை வைத்து நானாக எழுதியது. 'ஒத்தக் குழா, ஆறு வீடு, குடத்துக்கு முந்தி யாரு' என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கூட்டமும் பிடித்துக்கொண்டது.

அப்போது அம்மா எழுந்தாள். பையைச் சித்தி மடியில் வைத்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக மேடைக்கு வந்தாள். நான் அடியை நிறுத்தவில்லை, கால் தானாகப் போய்க்கொண்டிருந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். மேலே தொங்கிய மைக் அதை அப்படியே மண்டபம் முழுக்கப் போட்டுவிட்டது.

"ஆறு வீடு இல்ல புள்ள! பன்னெண்டு காம்பரா! குழாயும் இல்ல, பீலி! ஒத்தப் பீலி! நாந்தான் வரிசையில நின்னேன், எனக்குத் தெரியும்!"

காம்பரா என்றால் எஸ்டேட் வரிசைவீட்டில் குடும்பத்துக்கு ஒன்றாகத் தந்த ஒற்றை அறை, பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் இடம். ஆனந்தியின் விரல் நின்றுவிட்டது. என் கால் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அம்மா என்னை முறைத்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் அப்படியொரு கோபத்தை நான் பார்த்ததே இல்லை. அது என்மேல் இல்லை.

'பன்னெண்டு காம்பரா, ஒத்தப் பீலி' என்று கத்தினேன். பிள்ளைகள் திருப்பிக் கத்தினார்கள். ஜீப் டிரைவர்கள் கத்தினார்கள். சித்தி இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். நான் அம்மாவைப் பார்த்து மைக்கை நோக்கித் தாடையை ஆட்டினேன். அவள் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்.

தேவா